ஆறாம் பக்கம்

பாடநூலில் எங்களுக்கு ஒன்றேகால் வரி.
தொழிலாளர்கள் 'கொண்டுவரப்பட்டனர்.'
யார் கொண்டுவந்தது என்று கேட்டால்
அந்த வினைச்சொல் வாய் திறக்காது.

அதனால் நானே பயிற்றி செய்தேன்.
லங்காப் கடைத்தெருவில்
ஆ லியோங்கின் நகல் இயந்திரம்,
பக்கத்துக்குப் பத்து காசு.
இருபத்தேழு பிள்ளைகள், ஆறு பக்கம்,
பதினாறு வெள்ளி இருபது.
சில்லறையை வேண்டாமென்று தள்ளிவிட்டு
பழைய செக்ரோல் தாளை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது.
பெயருக்கு மேல் ஓர் எண்,
எண்ணுக்கு நேரே ஒரு கட்டைவிரல்.
"ஈயச் சுரங்கத்தில் என் தாத்தாவுக்கும்
விரல்தான் கையெழுத்து" என்றார்.

படிவம் மூன்று, நன்னெறிப் பாடம்.
இந்த நேரத்தில் மலாய்ப் பிள்ளைகள்
சமயப் பாடத்துக்கு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.
இனங்கள் ஒன்றாக வாழ்வதைப் பற்றி
நான் எப்போதும்
இனம் பிரித்த வகுப்பில்தான் பேசியிருக்கிறேன்.

ஆறாம் பக்கத்தில் ஒரே கேள்வி:
உன்னை இழிவாக அழைத்த பெயர் ஒன்றை எழுது.
அது உடம்பில் எங்கே பட்டது?

தர்வின் அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.
கிழிசலுக்குள் எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும்,
பஸ் நிலையத்தில் என் மேலும் விழுந்ததுதான்.
வெய் ஜியே: "சீனாவுக்குப் போ என்றார்கள். காதில்.
ஒரு காது மட்டும் சூடானது."
லோகமித்ரா எழுந்து கேட்டாள்,
"சொந்தக்காரங்களே கறுப்பின்னு கூப்பிட்டா
அதுவும் சேர்த்தியா டீச்சர்?"
சேர்த்தி என்றேன்.
'முகத்தில்' என்று எழுதினாள். அழித்தாள்.
'எலுமிச்சை தேய்த்த முழங்கையில்.'

நோரிதா ஏ/பி பா லிபுட்
வெறும் தாளை நீட்டினாள்.

வருகைப் பதிவேட்டில் அந்த ஏ/பியைப் பார்த்து
முதல் நாள் தமிழ்ப்பிள்ளை என்றே நினைத்தேன்.
செமாய்க் கம்பத்திலிருந்து
செம்பனைக் காட்டுக்குக் குறுக்கே
மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவாள்.
'மகள்' என்பதற்கு
எங்கள் இருவருக்கும் ஒரே எழுத்துகள்.
அதைத் தவிர அவளைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டில் திருத்தும்போது தாளைத் திருப்பினேன்.
பென்சிலில், மலாயில், பொடி எழுத்தில்:
"காட்டான்.
பிப்ரவரியில், சிற்றுண்டிச்சாலையில்,
'காட்டான் மாதிரி தின்னாதீங்கடா' என்றீர்கள்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
எனக்குத் தமிழ் புரியும், டீச்சர்.
அப்பா உங்கள் ஆட்களோடு
பதினொரு வருஷமாகக் குலை வெட்டுகிறார்.
எங்கே பட்டது என்று தெரியவில்லை.
அன்றைக்குச் சோற்றை முடிக்கவில்லை."

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தேன்.
மை காய்ந்துபோனது.

காட்டை அழித்து ரப்பர் நட்டோம் என்று
என் இரண்டாம் பக்கத்தில்
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது ஒரு வாக்கியம்.
யாருடைய காடு என்பதற்கு
நான் ஒன்றேகால் வரிகூடக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை இருபத்தெட்டு நகல்.
"ஒரு பிள்ளை கூடிப்போச்சா?" என்றார் ஆ லியோங்.
எனக்கு, என்றேன்.

வெண்பலகையில் கேள்வியை மாற்றினேன்:
நீ பிறரை அழைத்த பெயர்.
முதலில் என் பதில்.
தமிழில், கொட்டை எழுத்தில்.
அப்புறம் மலாயில் அதன் பொருள்.
அப்புறம் எந்த மாதம், எந்த இடம்,
யார் பக்கத்து மேசையில் இருந்தாள் என்பது.

யாரும் சிரிக்கவில்லை.
தர்வின் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டான்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஓதும் குரல் நின்று, மறுபடி தொடங்கியது.

நோரிதா கை தூக்கினாள்.
நான் தயாராக நின்றேன்,
எதற்கென்று தெரியாமல்.

"டீச்சர், இதுக்கு மார்க் உண்டா?"